வாசகர் கேள்வி – பதில்: பால்மரக் காட்டுக் கதைகள் எந்தச் சந்தைக்கு?

மலேசியத் தமிழ் நூல்கள் நாட்டுக்கு வெளியே ஏன் அதிகம் தெரிவதில்லை என்று சென்ற இதழில் சில பத்திகள் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பல, நான் வாழும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பேராக் மாநிலத்து ஊர்களிலிருந்தும் வந்தவை. நாம் பால்மரம் என்று சொல்லும் ரப்பர் மரத் தோட்டத்தில் பிறந்து, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இடிக்கப்பட்டபின் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள், தங்கள் கதை எந்த மொழியில் யாரைச் சென்று சேரும் என்று கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டம் சிறு துண்டுகளாக விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டது. அந்தக் கதையை 300 பக்க நாவலாகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் பேரன், தமிழில் வந்தால் உலகத்தில் யாரும் படிக்கமாட்டார்கள், ஆங்கிலத்தில் எழுதுங்கள் தாத்தா என்கிறான். இந்த வயதில் நான் என்ன செய்வது?

ஐயா, நாவல் தமிழிலேயே இருக்கட்டும். உங்கள் பேரன் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டபின் மேலே பேசுவதுதான் முறை. ஆங்கிலத்தில் எழுதும் மலேசியருக்கு லண்டன் வரை ஒரு வழி திறந்திருக்கிறது. பினாங்கில் பிறந்த டான் துவான் எங்கின் நாவல்கள் 2007, 2012, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசின் பட்டியல்களில் இடம்பெற்றன. 2012இல் அவர் இறுதிப் பட்டியலுக்கே சென்றார். கெடா மாநிலத்துப் பீடோங்கில் 1942இல் பிறந்த கே. எஸ். மணியம், நம்மைப் போன்ற ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்வை ஆங்கிலத்தில் எழுதி 1981இல் நாவலாக வெளியிட்டார். ஆனால் அவர்கள் ஆங்கிலப் படிப்பில் ஊறி, அந்த மொழியிலேயே எண்ணி எழுதியவர்கள். உங்கள் மனத்தில் அந்தத் தோட்டம் தமிழில் இருக்கிறது. கங்காணி பேசியதும், உங்கள் தாயார் அழுததும், விற்பனைச் செய்தி கேட்டு ஆட்கள் ஆபீஸ் வாசலில் கூடியதும் தமிழில்தான் நடந்தன. அவற்றை நீங்களே கற்ற ஆங்கிலத்தில் எழுதினால் சம்பவங்கள் மட்டும் மிஞ்சும், குரல்கள் மிஞ்சமாட்டா.

பேரனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். பன்னாட்டுப் புக்கர் பரிசு, வேறு மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு வெளிவரும் நூலுக்குத் தரப்படுவது. அதை 2022இல் இந்தியில் எழுதும் கீதாஞ்சலி ஸ்ரீயும், 2025இல் கன்னடத்தில் எழுதும் பானு முஷ்டாக்கும் பெற்றார்கள். பானு முஷ்டாக் கர்நாடகத்தின் ஹாசன் நகரில் வழக்கறிஞராக இருந்தவர். பரிசு பெற்ற தொகுப்பில் இருந்தவை 1990 முதல் 2023 வரை அவர் கன்னட வாசகர்களுக்காக எழுதிய கதைகள். அவற்றைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலமாக்கியவர் தீபா பஸ்தி. 50,000 பவுண்டு பரிசுத் தொகை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் நூலின் இன்னொரு ஆசிரியர் என்று அந்தப் பரிசு கருதுவதாகவே நான் இதைப் படிக்கிறேன். நம் பேரவைகளிலும் சங்கங்களிலும் இந்த எண்ணம் இன்னும் வேரூன்றவில்லை.

அந்த வழி அகலமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆங்கில நாடுகளில் வெளியாகும் நூல்களில் மொழிபெயர்ப்புகள் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அந்த இடத்திற்குப் பிரெஞ்சும் ஸ்பானியமும் ஜப்பானியமும் முன்வரிசையில் நிற்கின்றன. இந்திக்கும் கன்னடத்துக்கும் கதவைத் திறந்தவை பெரிய நிறுவனங்கள் அல்ல, இங்கிலாந்தின் சிறு பதிப்பகங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உங்களுக்கு இப்போது வேண்டியவர் ஒரு நல்ல பதிப்பாசிரியர். நான் அச்சகத்தைச் சொல்லவில்லை. கைப்பிரதியை எடுத்துக்கொண்டு உங்கள் எதிரில் உட்கார்ந்து, ‘ஐயா, இந்த அத்தியாயம் தேவையா? இந்த ஆண்டில் இந்தப் பையனுக்கு எத்தனை வயது?’ என்று கேட்பவரைச் சொல்கிறேன். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒரு காலத்தில் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளில் இருந்தார்கள். 1950இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். தோட்டத்திலிருந்து கதை அனுப்பியவர்களின் எழுத்தை மதிப்பிட்டு, எங்கே குறை என்று எடுத்துச் சொன்னார்கள். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுபோனது. அது நின்றபோது செய்தித்தாள் ஒன்றை இழந்தோம் என்று பலர் வருந்தினார்கள். கதைகளைத் திருத்திக் கொடுக்கும் மேசை ஒன்றையும் நாம் அன்றே இழந்தோம்.

என் முதல் நாவல் அப்படி யாரும் பார்க்காமலே அச்சேறியது. ஜப்பானியர் காலத்தில் கைக்குழந்தையாக இருந்த ஒரு பாத்திரம், கணக்கிட்டுப் பார்த்தால் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948இல் திருமணம் செய்துகொள்கிறான். தாப்பாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைத் திருத்துவதற்கு இரண்டாம் பதிப்பு வரவே இல்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது. துண்டாடல் காலம் நம் ஊருக்கு மிக முக்கியமானது. நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குக் காரணமே அந்தத் துண்டாடல்தான். அந்தக் காலத்தைப் பற்றிய நூலில் ஆண்டும் இடமும் கணக்கும் பிசகாமல் இருக்க வேண்டும். நீங்கள் கணக்கெழுதிய கிராணி. உங்களால் அது முடியும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தைப்பிங்: தமிழில் எழுதும் மலேசியருக்குச் சாஸ்தராவான் நெகாரா விருது கிடைக்குமா என்று என் ஆறாம் ஆண்டு மாணவி கேட்டாள். கிடைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் எழுதுவது இந்த நாட்டின் இலக்கியம் இல்லையா?

அம்மா, அந்தக் குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. 1981இல் மலாய் எழுத்தாளர் கெரிஸ் மாஸ் முதலில் பெற்ற அந்தத் தேசிய இலக்கிய விருது, மலாய்மொழியில் எழுதுபவர்களுக்கே உரியது. 1971ஆம் ஆண்டின் தேசியப் பண்பாட்டு மாநாட்டுக்குப் பிறகு, தேசிய மொழியில் எழுதப்படுவது தேசிய இலக்கியம் என்றும், தமிழிலும் சீனத்திலும் எழுதப்படுவது அந்தந்தப் பிரிவினரின் இலக்கியம் என்றும் ஒரு பாகுபாடு நிலைபெற்றது. 1956இல் அமைக்கப்பட்ட அரசின் மொழி, நூல் நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகா மலாய்மொழிக்கும் இலக்கியத்துக்கும் செய்த பணி பெரியது. அகராதி, இதழ்கள், மலிவுப் பதிப்புகள், போட்டிகள், பள்ளி நூல்கள் என்று ஒரு மொழிக்கு அரசு எதையெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. நமக்கு அப்படி ஒன்று இல்லை. 1888இல் சிங்கப்பூரில் மகதூம் சாயபு கதை வெளியிட்ட காலத்துக்கு முன்பிருந்தே இந்த மண்ணில் தமிழ் அச்சாகி வருகிறது. இத்தனை நீண்ட மரபு தேசிய இலக்கியத்தின் வரையறைக்கு வெளியே நிற்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. வரையறை மாற வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆயினும் வேறொரு கேள்வியும் என்னை உறுத்துகிறது. உங்கள் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் மலாய் ஆசிரியர் ஒருவர், நம் தோட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட ஒரு நாவலையேனும் படிக்க விரும்பினால் அவர் கையில் எதைக் கொடுப்போம்? லண்டனில் யார் படிப்பார்கள் என்று கவலைப்படும் நாம், மலாய்க் கிராமமான கம்பத்தில் யார் படிப்பார்கள் என்று கேட்பதில்லை. 1993இல் தொடங்கப்பட்ட தேசிய மொழிபெயர்ப்பு நிறுவனம் இப்போது மொழிபெயர்ப்பு மற்றும் நூல் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் நிறுவனம் இருந்தால் மட்டும் போதாது. தமிழின் நுட்பமும் மலாயின் நுட்பமும் ஒருசேர அறிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உருவாகக்கூடிய ஒரே இடம் உங்கள் வகுப்பறை. நம் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஒரு குழந்தை முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளையும் தொடங்கிவிடுகிறது. உலகத்தின் பல நாடுகளில் பல்கலைக்கழகம் போனபிறகும் கிடைக்காத செல்வம் இது. அதை நாம் தேர்வுப் புள்ளிகளாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த மாணவியிடம் ஒரு நாட்டுப்புறக் கதையைக் கொடுத்து மலாயில் எழுதி வரச் சொல்லுங்கள். விருதைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கு அதுவும் ஒரு விடைதான்.

இளம் எழுத்தாளர், சுங்கை பட்டாணி: என் சிறுகதைத் தொகுப்பை வெளியிடச் சென்னையிலுள்ள ஒரு பதிப்பகம் முன்வந்திருக்கிறது. ஆனால் ‘பசியாறுதல்’, சாலையைக் குறிக்கும் ‘சடக்கு’, ரிங்கிட்டைக் குறிக்கும் ‘வெள்ளி’ போன்ற சொற்களைத் தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியும்படி மாற்றித் தரச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

தம்பி, மாற்ற வேண்டாம். இதைப் பணிவாகவும் உறுதியாகவும் அவர்களுக்கு எழுதுங்கள். பதிப்பகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுடைய வாசகரைப் பற்றி அவர்கள் கவலைப்படுகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டு வாசகர் புரியாத சொல்லுக்கு அஞ்சுபவர் அல்லர். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களைக் கொண்டு கதை எழுதியதோடு நில்லாமல், அவற்றுக்கு அகராதியும் தொகுத்தார். பெருமாள்முருகன் கொங்குச் சொற்களுக்கு அகராதி செய்தார். அதே கொங்குத் தமிழில் அவர் எழுதிய நாவல் ஒன்று அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில் 2023இல் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குச் சென்றது. வட்டாரச் சொல் அவரை ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ தடுத்து நிறுத்திவிடவில்லை. கரிசலுக்கும் கொங்குக்கும் கிடைத்த இடம் கெடாவுக்கும் பேராக்குக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

உங்கள் சொற்களில் உள்ள செல்வத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ‘அம்மா இருட்டோடு மரம் வெட்டப் போனாள்’ என்று நாம் எழுதினால், அவள் உளியும் வாளியுமாகத் தன் நிரைக்குப் போய்ப் பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போகிறாள் என்று இங்கே ஒரு குழந்தைக்கும் தெரியும். சென்னையில் அந்த வரியைப் படிப்பவர், கோடரியோடு காட்டுக்குப் போகும் ஒரு பெண்ணைக் காண்பார். ‘ஐந்து வெள்ளி கொடுத்தான்’ என்றால் அவர் உலோகத்தையோ கிழமையையோ நினைக்கக்கூடும். ‘பசியாறிவிட்டாயா?’ என்பது நம்மிடம் காலை உணவைப் பற்றிய விசாரணை, ‘சாப்பிட்டாயா?’ என்று அதை மாற்றினால் அந்தக் காலை நேரமே போய்விடும். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, வேலையை மேற்பார்க்கும் தண்டல், பால் வடியும் மங்கு, வெட்டுக்கோட்டில் உறைந்த கோட்டுப்பால், பால் சுமக்கும் காண்டா வாளி ஆகிய ஒவ்வொரு சொல்லிலும் ஒரு வேலையும் ஒரு நேரமும் ஒரு கூலியும் இருக்கின்றன. பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை வந்துவிட்ட பிறகு இந்தச் சொற்கள் வாழ்வதற்கு உங்கள் கதையைத் தவிர வேறிடம் இல்லை.

ஆனால் ஒரு கடமை உங்களுக்கும் உண்டு. சொல் முதன்முதல் வரும் இடத்தில், சுற்றியுள்ள வாக்கியம் அதன் பொருளைக் காட்டிவிட வேண்டும். மரம் வெட்டப் போனவள் மங்கைத் துடைத்து வைத்தாள், கோட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போட்டாள் என்று எழுதிவிட்டால் கோடரி தானாகவே மறைந்துவிடும். கதையின் நடுவே அடைப்புக்குறிக்குள் விளக்கம் எழுதாதீர்கள்; அது பேசுகிறவரின் வாயில் கையை வைப்பது போலாகும். நூலின் இறுதியில் இரண்டு பக்கச் சொற்பட்டியல் சேர்க்கச் சம்மதியுங்கள். அந்தப் பட்டியல் சென்னை வாசகருக்கு உதவுவதைவிட, பின்னாளில் அந்தக் கதைகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ பெயர்க்கப் போகிறவருக்கு அதிகம் உதவும். மரம் வெட்டுதலை மரத்தை வீழ்த்துதல் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதிவிட்டால், பிழையான அந்தத் தோட்டம்தான் வேற்றுமொழிக்காரருக்கு நம் தோட்டமாகிவிடும்.

வாசகர், கிள்ளான்: தமிழ்நாட்டு நூல் மலிவாகக் கிடைக்கிறது. நம்மவர் நூலோ 150 பக்கத்துக்கு 30 ரிங்கிட் கேட்கிறார்கள். ஏன்?

கணக்கு விளங்குவதற்காக வட்ட எண்களில் சொல்கிறேன். ஒவ்வோர் அச்சகத்திலும் தொகை மாறும். பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்த்தல், அட்டை ஓவியம், அச்சுக்கான முன்தயாரிப்பு ஆகியவற்றுக்கு 3,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பிரதி அடித்தாலும் 3,000 பிரதி அடித்தாலும் இந்தச் செலவு மாறாது. தாளுக்கும் கட்டுவதற்கும் பிரதிக்கு 6 ரிங்கிட். 300 பிரதி அடிக்கும்போது ஒரு நூலின் அடக்கவிலை 16 ரிங்கிட். நீங்கள் சொல்லும் 30 ரிங்கிட்டில் கடைக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் 10.50 போய்விடும், எழுத்தாளருக்கு 10 விழுக்காடு என்றால் 3 ரிங்கிட். பதிப்பாளர் கையில் எஞ்சுவது 50 சென். அதே நூல் 3,000 பிரதி அச்சானால் அடக்கவிலை 7 ரிங்கிட்டாகக் குறையும். விலையையும் குறைக்கலாம், பதிப்பாசிரியருக்குச் சம்பளமும் கொடுக்கலாம். பல கோடித் தமிழர் வாழும் மாநிலத்தில் அச்சாகும் நூலோடு நம் நூலை விலையில் ஒப்பிடுவது இதனால்தான் பொருந்தாது.

இந்த இடைவெளியை நாம் இதுவரை நூல் வெளியீட்டு விழாவால் நிரப்பி வந்திருக்கிறோம். மண்டபம் பிடித்து, பிரமுகர் ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொண்டு உறையில் பெருந்தொகை கொடுக்க, மற்றவர்கள் வரிசையாக மேடையேறித் தங்களால் இயன்றதைக் கொடுத்து நூல் பெறுவார்கள். அந்த ஒரு மாலையில் அச்சுச் செலவு திரும்பிவிடும். இந்த வழக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது இல்லையென்றால் நம் நூல்களில் பல அச்சேறியே இருக்கா. அப்படி உதவியவர்களை நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையிலிருந்து அந்த நூலுக்கு வாழ்க்கை இல்லாமல் போகிறது. கடைக்குப் போவதில்லை, மதிப்புரை வருவதில்லை, மீதப் பிரதிகள் எழுத்தாளர் வீட்டு அலமாரியில் தங்கிவிடுகின்றன.

எனவே, எத்தனை சிறிய நூலானாலும் இரண்டு காரியங்களை விட்டுவிடக்கூடாது. மலேசியத் தேசிய நூலகத்திடம் நூலின் பன்னாட்டு அடையாளமான ஐ.எஸ்.பி.என். எண் பெற வேண்டும்; 978க்கு அடுத்து 967, 983 போன்ற இலக்கங்களைக் கொண்ட அந்த எண்கள்தான் நூல் மலேசியாவில் பிறந்தது என்பதை உலகம் முழுவதும் காட்டுகின்றன. 1986ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி நூலகத்திற்குப் பிரதிகளை அனுப்பவும் வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடி வரும்போது, எழுத்தாளர் வீட்டு அலமாரி இருக்காது. நூலகம் இருக்கும்.

வாசகி, கோலகங்சார்: மின்னூலாகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீர்ந்துவிடாதா?

கப்பல் கூலியும் கிடங்கும் தீரும். அவ்வளவு தூரம் அது நல்லது. நூலைத் திருத்துவதும், அதைப் பற்றி ஒருவர் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வதும் அச்சு நூலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மின்னூலுக்கும் தேவை.

வாசகர், பீடோர்: என் நாவலை வெளியிட விரும்பும் வெளிநாட்டுப் பதிப்பாளர் ஒருவர் ஒரு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். ‘எல்லா உரிமைகளும், எல்லா மொழிகளிலும், உலகம் முழுமைக்கும்’ என்று அதில் இருக்கிறது. கையெழுத்திடலாமா?

அப்படியே கையெழுத்திட வேண்டாம், ஐயா. இந்தத் தவற்றை நான் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று அனுப்பிய அதே போன்ற தாளில், நூல் வெளிவருகிற மகிழ்ச்சியில், படிக்காமலே கையெழுத்திட்டேன். பின்னர் ஒருவர் என் கதைகளை மலாயில் பெயர்க்க விரும்பி அனுமதி கேட்டபோது, கொடுக்கும் உரிமை என்னிடம் இல்லை என்று தெரிந்தது. பதிப்பகத்துக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்தன. மொழிபெயர்க்க வந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கதைகள் இன்றுவரை மலாயில் வரவில்லை.

காப்புரிமை எழுதியவுடனேயே உங்களுக்குச் சொந்தமாகிவிடுகிறது. யாரிடமும் போய்ப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். மலேசியா 1990இல் காப்புரிமைக்கான பன்னாட்டுப் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டதால், அதன் உறுப்பு நாடுகளிலும் உங்கள் நூலுக்குப் பாதுகாப்பு உண்டு. அந்த உரிமையை ஒரே துண்டாக விற்கத் தேவையில்லை. தமிழ் அச்சுப் பதிப்பு, மின்னூல், மலாய் மொழிபெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு, திரைப்படம் என்று தனித்தனியாகப் பிரித்து, இன்ன நாட்டுக்கு, இத்தனை ஆண்டுக்கு என்று உரிமம் தரலாம். உங்கள் பதிப்பாளருக்குத் தமிழ்ப் பதிப்பின் உரிமையை ஐந்து ஆண்டுகளுக்குக் கொடுங்கள். நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்கே திரும்பும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடமே இருக்கட்டும். இலக்கிய முகவர் யாரேனும் முன்வந்தால், உள்நாட்டு விற்பனையில் 15 விழுக்காடும் மொழிபெயர்ப்பு உரிமை விற்பனையில் 20 விழுக்காடும் பெறுவது அந்தத் தொழிலில் பொதுவான வழக்கம். நூலை விற்பதற்கு முன்பே உங்களிடம் பணம் கேட்பவர் முகவர் அல்லர்.

‘உலகம் முழுமைக்கும்’ என்ற சொல்லின் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1947இல் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டு, பழைய பேரரசின் நாடுகள் முழுவதையும் தங்கள் சந்தையாக வரையறுத்தார்கள். அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கின் விளைவாக 1976இல் அந்த உடன்பாடு முடிவுக்கு வந்தது. ஆனால் அந்தப் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. மலேசியர் ஆங்கிலத்தில் எழுதி லண்டனில் வெளியிட்ட நூல், லண்டனிலிருந்து கப்பலேறி நம் கடைக்கு வந்து இறக்குமதி விலையில் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பயிரிட்ட பால் சீமைக்குப் போய் டயராகத் திரும்பி வந்த கதை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை. மலேசியாவில் வெளியிடும் உரிமையை எழுத்தாளர் தன்னிடம் நிறுத்திக்கொண்டால், உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவர் உள்ளூர் விலையில் அதை வெளியிட முடியும். நீங்கள் தமிழில் எழுதுபவரானாலும் இது பொருந்தும். சென்னைப் பதிப்பு அங்கே விற்கட்டும். மலேசியப் பதிப்புக்கான உரிமை உங்கள் பெட்டியில் இருக்கட்டும்.

பல்கலைக்கழக மாணவி, தஞ்சோங் மாலிம் (சொந்த ஊர் சுங்கை சிப்புட்): எனக்கு மொழிபெயர்ப்பில் ஆர்வம். தமிழிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் கொண்டு போக விரும்புகிறேன். ஆனால் நான் தோட்டத்தில் வளர்ந்தவள் இல்லை. பாட்டி சொல்லிக் கேட்டதுதான். எங்கிருந்து தொடங்குவது?

மகளே, இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உன்னுடையதைத்தான். முதலில் மலாய்க்குக் கொண்டு போ. காரணம் எளியது: மலாயில் நீ செய்த பிழையைச் சுட்டிக்காட்ட உன் தோழிகளே இருக்கிறார்கள். கம்பம், பாசார் என்று நம் தமிழுக்குள் வந்துவிட்ட மலாய்ச் சொற்கள் அங்கே தம் வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது என்ன ஆகின்றன என்று பார்ப்பதும் உனக்குப் பெரிய பயிற்சியாக இருக்கும். ஆங்கிலம் அடுத்த படி. முழு நாவலையும் பெயர்த்து வைத்துக்கொண்டு பதிப்பகம் தேடாதே. 20 அல்லது 25 பக்கத்தை மிகக் கவனமாகப் பெயர்த்து, நூலைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியும் சேர்த்து அனுப்புவதே அந்தத் துறையின் நடைமுறை. சென்னையில் 2023 முதல் ஒவ்வொரு சனவரியிலும் நடக்கும் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் இத்தகைய மாதிரிப் பக்கங்களை வைத்துத்தான் பதிப்பாளர்கள் உரிமைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். தமிழ்நாட்டு அரசு அங்கே மொழிபெயர்ப்பு நல்கையும் வழங்குகிறது. அதன் விதிகளைப் படித்துப் பார்.

தோட்டத்தில் வளரவில்லை என்பது குறைதான். அதை நீ மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. அந்தக் குறையை நூலகத்தில் தீர்க்க முடியாது. மரம் வெட்டுதல் என்றால் என்ன, ஒரு நிரையில் எத்தனை மரம், மழை பெய்த நாளில் கூலி என்ன ஆகும், கோட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு உண்டா என்பதையெல்லாம் அறிந்த ஒருவரின் எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தின் முதல் கடிதத்தை எழுதிய பெரியவர் உன் ஊர்க்காரர். 300 பக்க நாவலும் அதற்குரிய விளக்கங்களும் அவரிடம் இருக்கின்றன. நாவலை முதலில் படித்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன். வரும் விடுமுறைக்கு நீ ஊருக்கு வருவதாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுது. அவரும் சம்மதித்தால் என் வீட்டிலேயே சந்திக்க ஏற்பாடு செய்கிறேன். வரும்போது பாட்டியையும் அழைத்து வா. அவர் வெட்டிய நிரையைப் பற்றிக் கிராணியின் கணக்குப் புத்தகத்தில் இல்லாத செய்திகள் அவரிடம் இருக்கும்.